தப்புச் சத்தத்துக்கு எழும்பாத கணினி

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கம். நாடே இருளில் மூழ்கியிருந்த நாட்கள் அவை. அதற்குச் சில தினங்களுக்கு முன்னர்தான் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு என்ற அறிவிப்பு வந்திருந்தது. நுவரெலியாவின் குளிரில், மெழுகுதிரி வெளிச்சத்தில், மடிக்கணினியின் மின்கலத்தில் எஞ்சியிருந்த சக்தியை நம்பி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன்.

கட்டுரையின் பொருளும் மின்சாரம்தான். இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை வாசித்தார். லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்தன. அந்த நீரில் பிறந்த மின்சாரம் கொழும்பை ஒளிமயமாக்கியது. ஆனால் நீர்த்தேக்கங்களின் கரைகளிலேயே இருந்த பல லயன் காம்பராக்களுக்கு மின்விளக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

இரவு பதினொரு மணியளவில் கண் அயர்ந்தது. கணினியை அணைக்கவில்லை. மூடியை மாத்திரம் மூடினேன். மூடினால் கணினி 'தூங்கும்', திறந்தால் விட்ட இடத்திலிருந்து விழிக்கும் என்பது பல வருடப் பழக்கம். எழுதியதைச் சேமித்து வைக்கவுமில்லை. தட்டச்சு இயந்திரத்தில் பத்திரிகைத் தொழிலைத் தொடங்கியவனுக்கு, அடித்த எழுத்து தாளில் இருக்கும் என்ற நம்பிக்கை இலகுவில் போவதில்லை.

காலையில் மூடியைத் திறந்தேன். உள்ளே காற்றாடி சுழலும் சத்தம் கேட்டது. ஒரு சிறு விளக்கு எரிந்தது. திரையோ கறுப்பு. எந்த விசையை அழுத்தியும் பயனில்லை. இறுதியில் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் இயக்கியபோது ஆறு பக்கங்கள் போயிருந்தன.

ஹட்டனில் கணினி திருத்தும் இளைஞர் ஒருவரிடம் கொண்டு போனேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. மூடியை மூடித் திறந்து பார்த்தார். அதே கறுப்புத் திரை. நான் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினேன்.

"பொறுங்க ஐயா, அணைச்சுப்புடாதீங்க. மெஷின் சாகல. யாரோ ஒருத்தன் எந்திரிக்க மாட்டேங்கிறான். யாருன்னு அதுவே சொல்லும்" என்றார்.

சில நிமிடங்களில் நீலத்திரை தோன்றியது. கணினி தானாக மறுபடி இயங்கியது. அது எழுதி வைத்த பதிவை அவர் திறந்து காட்டினார். கம்பியில்லா வலையமைப்புக்குரிய சிறு அட்டையை இயக்கும் மென்பொருளின் பெயர் அதில் இருந்தது. திரையும் செயலியும் நினைவகமும் விழிக்கத் தயாராகவே இருந்திருக்கின்றன. ஒருவன் எழும்பாததால் முழு வீடும் எழும்பவில்லை.

கணினிகள் எவ்வாறு தூங்கக் கற்றுக்கொண்டன என்ற வரலாற்றை அன்று தேடத் தொடங்கினேன். தொழில்நுட்பக் கதை என்று எண்ணித்தான் புகுந்தேன். படிக்கப் படிக்க, அது பொறுப்பு யாருடையது என்ற கதையாகவே தெரிந்தது. அதை வாசக நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயக்கி என்பவன் யார்?

கணினிக்குள் திரை, விசைப்பலகை, வன்தட்டு, ஒலி, வலையமைப்பு என்று பல சாதனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனம் செய்தது; ஒவ்வொன்றுக்கும் தனி மொழி. அவற்றுக்கும் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்துக்கும் இடையில் நின்று பேசும் மென்பொருளையே 'டிரைவர்', அதாவது சாதன இயக்கி என்கிறோம்.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதை இலகுவில் விளக்கலாம். அக்காலத்தில் விடியுமுன் தப்பு அடித்து லயன்களை எழுப்புவார்கள். தொழிலாளர்கள் பெரட்டுக்களத்தில் கூடுவார்கள். துரை ஒவ்வொரு தொழிலாளியுடனும் பேசுவதில்லை. அவர் பேசுவது கணக்கப்பிள்ளையுடனும் கங்காணிமாருடனும்தான். யார் எந்த மலைக்குப் போவது, நேற்று எந்த நிரையில் வேலை நின்றது என்பதெல்லாம் கங்காணிக்குத்தான் தெரியும். கணினியில் அந்தக் கங்காணியின் இடத்தில் இருப்பவன் இயக்கி.

தூக்கம் வரும்போது இயக்கி செய்யவேண்டிய வேலைகள் பல. புதிய வேலை எதையும் ஏற்காமல் வாசலை அடைக்க வேண்டும். கையில் இருக்கும் வேலையை முடிக்க வேண்டும், அல்லது பத்திரமாக நிறுத்தி வைக்க வேண்டும். சாதனம் தன்னிச்சையாக நினைவகத்தில் எழுதிக்கொண்டிருந்தால் அதைத் தடுக்க வேண்டும். சாதனத்தின் உள்ளே இருக்கும் அமைப்புகளை வெளியே எடுத்துக் குறித்து வைக்க வேண்டும், ஏனெனில் மின்சாரம் போனதும் சாதனம் அனைத்தையும் மறந்துவிடும். நள்ளிரவில் யாரேனும் கதவைத் தட்டினால் எழுப்பவேண்டிய சாதனமா என்று பார்த்து அதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இவை அனைத்தும் முடிந்த பின்னரே மின்சாரத்தை நிறுத்தலாம்.

விழிக்கும்போது இதே வேலை தலைகீழாக நடக்க வேண்டும். சாதனம் பிறந்த குழந்தையைப் போல எதுவும் அறியாமல் கண் திறக்கும். 'நீ இன்னார், நேற்று இந்த இடத்தில் நின்றாய்' என்று இயக்கிதான் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையிலும் இப்படித்தான். கொழுந்து உருட்டப்பட்டு நொதித்துக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் நின்றால், மின்சாரம் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. இலை காத்திருப்பதில்லை. ஒழுங்காக நிறுத்துவது வேறு, திடீரென நின்றுபோவது வேறு.

யாரும் அறியாமல் உறங்கவைத்த காலம்

மேசைக் கணினிக்குத் தூக்கம் தேவைப்படவில்லை. மின்கலத்தில் இயங்கும் கணினி வந்தபோதுதான் அந்தத் தேவை பிறந்தது. 1989இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்டோஷ் போர்ட்டபிள் தூங்கும் வசதியுடன் வந்தது. சாதனங்களும் இயங்குதளமும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால் அவர்களுக்கு அது ஓரளவு இலகுவாயிற்று.

ஐ.பி.எம். வழிவந்த கணினிகளின் நிலை வேறு. பெட்டி ஒருவருடையது, செயலி இன்டெலுடையது, இயங்குதளம் மைக்ரோசொஃப்டினுடையது, உள்ளே செருகும் அட்டைகள் ஊரார் செய்தவை. யார் யாரைத் தூங்கவைப்பது?

1990இல் இன்டெல் வெளியிட்ட 386 எஸ்.எல். என்ற செயலி ஒரு வழியைக் காட்டியது. இயங்குதளத்துக்கே தெரியாமல் அதை ஒரு கணம் உறையவைத்து, கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸ் தன் வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு ஓர் இரகசியக் கதவை அது திறந்தது. 1992 ஜனவரியில் இன்டெலும் மைக்ரோசொஃப்டும் இணைந்து ஏ.பி.எம். என்ற விதிமுறையை வெளியிட்டன. அதன் சாரம், தூக்கத்தின் அதிகாரம் பெருமளவு பயாஸிடம் இருக்கும் என்பதுதான்.

பயாஸிடம் ஒரு கடிகாரம் இருந்தது. குறிப்பிட்ட நேரம் விசைகள் அழுத்தப்படாவிட்டால் கணினி சும்மா இருப்பதாக அது முடிவுசெய்யும். ஆனால் ஒருவர் விசையைத் தொடாமல் நீண்ட கணக்கொன்றை ஓடவிட்டுக் காத்திருக்கலாம் என்பதை அது அறியாது. அத்துடன் தன் பலகையில் பொருத்தப்பட்ட சாதனங்களைத்தான் அது அறியும். பின்னர் வாங்கிச் செருகிய வலையமைப்பு அட்டையைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? அதன் நிலையைக் குறித்து வைக்க யாரும் இல்லை. கணினி விழிக்கும்போது அந்த அட்டை தன் பெயரையே மறந்திருக்கும்.

தோட்டத்துக்கு வராமல் கொழும்பில் இருந்துகொண்டு பெரட்டு நடத்துவதைப் போன்றது இந்த முறை. சிறிய தோட்டத்துக்குச் சமாளிக்கலாம்; தோட்டம் வளர்ந்தபோது சமாளிக்க முடியவில்லை.

பொறுப்பு இடம் மாறியது

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற புதிய விதிமுறையை வெளியிட்டன. இன்று நம் மேசையில் இருக்கும் பெரும்பாலான கணினிகளின் தூக்கம் இந்த விதிமுறையின் வழியேதான் நடக்கிறது. (2013 முதல் இதனைப் பராமரிப்பது யூ.இ.எஃப்.ஐ. மன்றம்.)

இங்கே அதிகாரம் இயங்குதளத்தின் கைக்கு மாறியது. எந்தச் செயல் நடக்கிறது, எது காத்திருக்கிறது என்பதை முழுமையாக அறிந்தது அதுவே என்பதுதான் காரணம். பயாஸ் செய்யவேண்டியது, தன் பலகையில் என்னென்ன உள்ளன, அவற்றை எவ்வாறு நிறுத்துவது என்ற விபரங்களை அட்டவணையாக ஒப்படைப்பது மாத்திரமே.

தூக்கத்துக்குப் படிகளும் வகுக்கப்பட்டன. எஸ் 0 என்றால் விழிப்பு. எஸ் 3 என்றால் நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் விட்டுவிட்டு ஏனைய பெரும்பாலானவற்றை நிறுத்துவது. நாம் மூடியை மூடும்போது நீண்டகாலமாக நடந்து வந்தது இதுவே. எஸ் 4 என்றால் நினைவகத்தில் உள்ளதை வன்தட்டில் எழுதிவிட்டு முழுவதுமாக நிறுத்துவது. அதை ஆழ்துயில் எனலாம். எஸ் 5 என்றால் அணைந்த நிலை. இவற்றைப் போலவே தனித்தனிச் சாதனங்களுக்கும் டி 0 முதல் டி 3 வரை படிகள். கணினி எந்தப் படியில் இருக்கும்போது தன் சாதனம் எந்தப் படியில் இருக்கவேண்டும் என்பதை நிறைவேற்றுவது இயக்கியின் கடமையாயிற்று.

அதுவரை தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்த ஆயிரக்கணக்கான இயக்கிகளின் தலையில் ஒரே நாளில் இந்தப் பொறுப்பு வந்து விழுந்தது. அவற்றை எழுதியவர்களிற் பலருக்குத் தம் அட்டை வேகமாக இயங்குவதே முக்கியமாக இருந்தது. தூங்கி எழுவதைச் சோதித்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை. விண்டோஸ் 98, பின்னர் 2000இல் வந்த விண்டோஸ் 2000 ஆகியவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு, மூடிய மடிக்கணினி மறுபடி திறக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த காரியமாக இருந்ததற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு செய்தியாளனின் கண்ணில் படும் துணைக்கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்ரோசொஃப்டுக்கு எதிராக நடந்த வழக்கில், பில் கேட்ஸ் 1999 ஜனவரியில் எழுதிய மின்னஞ்சல் ஒன்று 2007இல் பகிரங்கமானது. தாம் பாடுபட்டு உருவாக்கும் ஏ.சி.பி.ஐ. ஏற்பாடுகளால் எந்த உழைப்பும் இன்றி லினக்ஸ் நன்மை பெற்றுவிடுமே என்று அதில் அவர் கவலைப்பட்டிருந்தார். அவற்றை விண்டோஸுக்கே உரியனவாக்க வழி உண்டா என்றும் கேட்டிருந்தார். ஒரு மின்னஞ்சலை வைத்து அப்படியே நடந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஆனால் கணினி தயாரிப்போரிற் பலர் தம் பயாஸை விண்டோஸுடன் மாத்திரமே சோதித்துப் பார்த்தனர். 'நீ எந்த இயங்குதளம்?' என்று பயாஸ் கேட்டால், 'விண்டோஸ்தான்' என்று லினக்ஸ் பதில் சொல்லவேண்டிய நிலை உருவாயிற்று. இன்றும் அது அப்படித்தான் சொல்கிறது.

மறுக்கும் உரிமை

தூங்கச் சொல்லும்போது 'இப்போது முடியாது' என்று சொல்லும் உரிமை உண்டா?

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி வரை அந்த உரிமை இருந்தது. தூங்குமுன் இயங்குதளம் மென்பொருள்களிடம் சம்மதம் கேட்கும். ஒன்று மறுத்தாலும் தூக்கம் ஒத்திவைக்கப்படலாம். கேட்பதற்கு நியாயமான ஏற்பாடு. நடைமுறையில் நடந்ததோ வேறு. மூடியை மூடி, பையில் வைத்துக்கொண்டு புறப்படுவோம். உள்ளே ஏதோவொரு சிறு மென்பொருள் மறுத்திருக்கும். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் கணினி நெருப்பாகச் சுடும், மின்கலம் வற்றியிருக்கும்.

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில், சாதாரண மென்பொருள்களின் இந்த மறுப்புரிமை நீக்கப்பட்டது. சம்மதம் கேட்பதற்குப் பதிலாக 'தூங்கப் போகிறோம்' என்ற அறிவித்தல் மட்டும் வரும். இரண்டு விநாடி அவகாசம். அதற்குள் ஆகவேண்டியதைச் செய்துகொள்ள வேண்டும். அதே விஸ்டா ஒரு நல்ல ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. மேசைக் கணினிகள் தூங்கும்போது நினைவகத்தில் உள்ளதை வன்தட்டிலும் எழுதி வைக்கும். இடையில் மின்சாரம் போனாலும் வேலை போகாது. மின்வெட்டு நாட்டில் வாழும் நமக்கு இதன் அருமை புரியும்.

இயக்கிகள் மட்டும் பதில் சொல்லியே ஆகவேண்டும். தூங்கு என்ற கட்டளை வந்தபின் ஓர் இயக்கி 'முடித்துவிட்டேன்' என்று திருப்பிச் சொல்லாவிட்டால், விண்டோஸ் குறித்த நேரம் வரை காத்திருக்கும். அதன் பிறகு 9எஃப் என்ற எண்ணுடன் நீலத்திரையைக் காட்டித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஹட்டனில் நான் கண்டது இதைத்தான். இந்தச் சிக்கலைக் குறைப்பதற்காக, 2000களின் நடுப்பகுதியில் மைக்ரோசொஃப்ட் இயக்கி எழுதுவோருக்கென ஒரு சட்டகத்தை உருவாக்கியது. தூக்கத்தின் கடினமான படிமுறைகளைச் சட்டகமே பார்த்துக்கொள்ளும். எழுதுபவர் தன் சாதனத்துக்கு மட்டும் உரியதை எழுதினால் போதும்.

கடிகாரத்தில் எழுதிய வாக்குமூலம்

லினக்ஸின் கதை இன்னும் சுவையானது. அங்கே எல்லாம் பகிரங்கமாக நடந்ததால், எந்த இடத்தில் எது தவறியது என்பதை நாம் இன்றும் படித்துப் பார்க்கலாம்.

2002ஆம் ஆண்டளவில் பட்ரிக் மொச்செல் என்பவர் எல்லாச் சாதனங்களையும் ஒரே மரமாக அடுக்கும் அமைப்பை லினக்ஸுக்குள் கொண்டுவந்தார். எந்தச் சாதனம் எதன் வழியாக இணைந்துள்ளது என்ற குடும்ப மரம் அது. தூக்கத்துக்கு இது இன்றியமையாதது. யூ.எஸ்.பி. வழியாக இணைந்த விசைப்பலகையை நிறுத்துமுன் யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியை நிறுத்தினால், விசைப்பலகையுடன் பேச வழியே இராது. எனவே பிள்ளைகள் முதலில் தூங்கவேண்டும், பெற்றோர் பின்னர். விழிக்கும்போது பெற்றோர் முதலில் எழவேண்டும், பிள்ளைகள் பின்னர். நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே! அதே ஆண்டில், ஹங்கேரியரான காபோர் குட்டி தொடங்கியிருந்த ஆழ்துயில் வசதியை, செக் நாட்டவரான பாவெல் மாஹெக் லினக்ஸின் மையத்தில் சேர்த்தார்.

ஆனாலும் எழும்பாத கணினிகள் எழும்பாமலே கிடந்தன. காரணத்தைக் கண்டுபிடிப்பதும் இலகுவல்ல. விழிக்கும் வேளையில் திரை இன்னும் எழவில்லை. செய்தி காட்ட முடியாது. வன்தட்டு எழவில்லை, பதிவு எழுத முடியாது. நினைவகத்தில் எழுதினாலோ, அணைத்து மீண்டும் இயக்கும்போது அழிந்துவிடும். இறந்தவன் வாக்குமூலத்தை எங்கே எழுதுவது?

2006இல் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். கணினிக்குள் சிறு மின்கலத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் ஒன்று உண்டு. எது அணைந்தாலும் அது அணையாது. ஒவ்வொரு இயக்கியை எழுப்புமுன்னும், எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை ஓர் எண்ணாகச் சுருக்கி, அந்தக் கடிகாரத்தின் திகதியாகவும் நேரமாகவும் எழுதி வைக்கச் செய்தார். கணினி நடுவில் உறைந்துவிட்டால், அணைத்து மீண்டும் இயக்க வேண்டும். கடிகாரம் பொருத்தமற்ற ஏதோவொரு திகதியைக் காட்டும். அந்தத் திகதியைப் பிரித்துப் பார்த்தால் கடைசியாக எழுப்பப்பட்ட இயக்கி எது என்று தெரியும். கடிகாரத்தை மீண்டும் சரிசெய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இந்த ஏற்பாடு இன்றும் லினக்ஸில் உள்ளது. இந்த வரலாற்றில் நான் மிகவும் இரசித்த இடம் இது. எல்லோரும் உறங்கும் வீட்டில் விழித்திருக்கும் கடிகாரத்தைச் சாட்சியாக்கிய புத்தி அது.

இத்தகைய தேடல்களில் வெளிவந்த கோளாறுகள் பல. இரண்டு சாதனங்கள் ஒரே அழைப்பு மணியைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் கணினிகளில் உண்டு. ஒன்று தூங்கிவிட்டது, மற்றொன்று மணியடித்தது. தூங்கும் சாதனத்தின் இயக்கி தனக்குத்தான் அழைப்பென்று எண்ணி, மின்சாரமற்ற தன் சாதனத்தைப் படிக்கப் போய், பொருளற்ற பதிலைப் பெற்றுக் குழம்பிப்போகும். இன்னொரு கோளாறு, சாதனத்துக்குரிய உள்மென்பொருள் வன்தட்டில் இருப்பதால் வருவது. சாதனம் விழிக்க அது தேவை. வன்தட்டோ இன்னும் விழிக்கவில்லை. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. தூங்குமுன்னரே உள்மென்பொருளை நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டால் அது பின்னர் தீர்க்கப்பட்டது.

இவற்றை ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர் ரஃபாயெல் வைசோட்ஸ்கி. போலந்தின் வார்சோ பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய இயற்பியலாளர். 2008, 2009 ஆண்டுகளில் அவர் முன்னின்று வடிவமைத்த முறையில், இயக்கியிடம் ஒரே தடவையில் 'தூங்கு' என்று சொல்லப்படுவதில்லை. முதலில் தயாராகச் சொல்லப்படுகிறது. பின்னர் வேலையை நிறுத்தச் சொல்லப்படுகிறது. அதன்பின் அழைப்பு மணிகள் அடைக்கப்பட்டு, இறுதி மின்நிறுத்தம் நடக்கிறது. விழிப்பும் இவ்வாறே படிப்படியாக. 2009 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் பதிப்பில், முழுக் கணினியும் விழித்திருக்கும்போதே சும்மா இருக்கும் சாதனம் மட்டும் தனியே தூங்கும் வசதியும் வந்தது. குடும்ப மரத்தில் அடங்காத உறவுகளைக் குறித்து வைக்கும் ஏற்பாடு 2017இல் சேர்ந்தது.

கணினிகள் ஒழுங்காக எழத் தொடங்கியது இப்படித்தான். ஒவ்வொரு சிறு இயக்கியிடமும் முன்கூட்டியே சொல்லி, வரிசையை மதித்து, அவகாசம் கொடுத்தபோதுதான் தூக்கம் தூக்கமாயிற்று.

அரைத்தூக்கக் காலம்

பிறகு கைத்தொலைபேசிகள் வந்தன. அவற்றின் வழக்கம் நேர் எதிரானது. கணினி விழித்திருப்பதே இயல்பு, தூக்கம் விதிவிலக்கு. தொலைபேசியோ தூங்கிக்கொண்டே இருக்கும். அழைப்போ செய்தியோ வரும்போது மட்டும் எழும். ஆன்ட்ராய்டு அமைத்தவர்கள், 'நான் வேலையாக இருக்கிறேன், இப்போது தூங்காதே' என்று இயக்கிகளும் மென்பொருள்களும் பிடித்து வைத்திருக்கக்கூடிய விழிப்புப் பூட்டுகளை உருவாக்கினார்கள். 2009இல் அவற்றை லினக்ஸின் மையத்தில் சேர்க்க முயன்றபோது எழுந்த விவாதம் கடுமையானது, நீண்டதும்கூட. 2012இல்தான் இரு தரப்பும் ஏற்கக்கூடிய மாற்று வடிவம் உள்ளே சேர்ந்தது. விஸ்டா பறித்த மறுப்புரிமையின் இன்னொரு வடிவமே இது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வித்தியாசம், யார் எவ்வளவு நேரம் பிடித்து வைத்தார் என்பதற்கு இங்கே கணக்கு உண்டு.

அதே 2012இல் விண்டோஸ் 8 தொலைபேசியின் வழக்கத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தது. விண்டோஸ் 10இல் அது விரிவடைந்தது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பழைய எஸ் 3 தூக்கமே இல்லை. மூடியை மூடினாலும் கணினி எஸ் 0 நிலையிலேயே, மிகக் குறைந்த சக்தியில், அரைக்கண் மூடியிருக்கும். உடனே விழிக்கும் என்பது நன்மை. ஆனால் சாதனங்களில் ஒன்று தன் ஆழ்ந்த நிலைக்குப் போகாவிட்டால், முழுக் கணினியும் தூங்காமல் கிடந்து மின்கலத்தைத் தின்னும். காலையில் நிறைந்த மின்கலத்துடன் வைத்த கணினி மாலையில் வெறுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறியவரின் தவறு, பெரியவரின் பெயர்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று சாதனமொன்றில் பட்டதே காரணம் என்றார்கள். உலகம் சிரித்தது. நான் அன்று அந்தக் கம்பியில்லா வலையமைப்பு அட்டையை நினைத்துக்கொண்டேன். குரங்கைக் குறைகூறுவது இலகு. ஓரிடத்தில் நேர்ந்த சிறு பிழை முழு நாட்டையும் இருளாக்கும்படி ஏன் அமைந்திருந்தது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

கணினி எழும்பாவிட்டால் நாம் கணினியை ஏசுகிறோம், அல்லது விண்டோஸை ஏசுகிறோம். உள்ளே எங்கோ இருக்கும் இயக்கியின் பெயர் நமக்குத் தெரியாது. அது ஒழுங்காக வேலை செய்த ஆயிரம் காலைகளிலும் நாம் அதை நினைத்ததில்லை. இந்த மலைகளில் விடியுமுன் எழுந்து கொழுந்துக்குப் போனவர்களின் பெயரும் தேநீர் குடித்தவர்களுக்குத் தெரியாதுதான். வேலை நின்ற நாட்களில் மட்டுமே அவர்கள் செய்தியானார்கள். அந்தச் செய்திகளை எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஹட்டன் இளைஞர் புதிய இயக்கியைப் பதிந்து கொடுத்தார். பத்துத் தடவை மூடித் திறந்து காட்டினார். கூலியாக அவர் கேட்டது சொற்பம். புறப்படும்போது, "மெஷின நம்புங்க ஐயா, ஆனா மூடுறதுக்கு முன்னாடி சேவ் பண்ணிடுங்க. ரொம்ப நேரம் கரண்ட் இல்லேன்னா ஹைபர்னேட் போட்டுடுங்க. டிஸ்க்ல இருக்கும், அழியாது" என்றார். இத்தனை வருட வரலாற்றின் பயனை இரண்டு வரியில் அவர் சொல்லிவிட்டார். வாசகர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இழந்த ஆறு பக்கங்களை மீண்டும் எழுதினேன். முதலில் எழுதியதைப் போல அவை அமையவில்லை. நினைவில் இருந்ததை மட்டுமே எழுப்ப முடிந்தது. குறித்து வைக்காதது போனதுதான். தோட்டத்து முதியவர்களிடம் கேட்டு எழுதாமல் விட்ட கதைகள் என்னிடம் இன்னும் எத்தனையோ உள்ளன. சொன்னவர்கள் பலர் இப்போது இல்லை. மிகுதியையாவது இந்தப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்க எண்ணியிருக்கிறேன்.

மீண்டும் சந்திப்போம்.